உத்தரத்தடியில் ஒரு கண்ணாடிக் குப்பி

தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி ஸ்பிரிங்ளர். உத்தரத்தடியில் தெரியும் அதன் தலையைக் கிட்டே போய்ப் பார்த்தால், உலோகச் சட்டத்துக்கு நடுவே சிவப்புத் திரவம் அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று தெரியும். அதற்குள் ஒரு பொட்டுக் காற்றுக்குமிழ். குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரைத் தடுக்கிற மூடிக்கு முட்டுக்கொடுப்பது இந்தக் குப்பிதான்.

தீப்பிடித்தால் சூடான புகை மேலேறி உத்தரத்தடியில் பரவுகிறது. திரவம் விரிகிறது, குமிழ் சுருங்கி மறைகிறது. அதற்குமேல் விரிய இடமில்லை. 68 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குப்பி நொறுங்கும், மூடி தெறிக்கும், தண்ணீர் கீழேயுள்ள பல்தகட்டில் மோதிச் சிதறும். மின்சாரமும் வேண்டாம், பொத்தானை அழுத்த ஆளும் வேண்டாம்.

தாளிக்கிற புகைக்கு இது அசையாது, வெப்பம்தான் கணக்கு. ஒரு தலை உடைந்தால் மற்றவையும் சேர்ந்து கொட்டாது. சினிமாவில் கட்டடம் முழுக்க மழை பெய்வதெல்லாம் கேமராவுக்காக.

வீட்டுக்கென்று வரும் தலைகளில் குப்பி மெலிந்திருக்கும்: வழக்கமான 5 மில்லிமீட்டருக்குப் பதில் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர். மெலிந்தது சீக்கிரம் சூடேறும். தண்ணீரும் சுவரின் மேல்பகுதி வரை விசிறும், காரணம் இருக்கிறது. சோபா நுரை எரியும்போது உத்தரத்தடியில் சேரும் வாயுக்கள் 500, 600 டிகிரியைத் தொட்டால், அறையிலுள்ள எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதன்பின் உள்ளே இருப்பவர் பிழைப்பது அரிது. இன்றைய அறைகலன்கள் உள்ள அறையில் இந்த நிலை சில நிமிடங்களிலேயே வந்துவிடலாம், பல நேரம் தீயணைப்பு வண்டி வந்து சேருமுன்பே. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 2,000 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை விழுங்குவதால், அந்த வாயு அடுக்கு குளிர்ந்துவிடுகிறது.

வீட்டு ஸ்பிரிங்ளர்களுக்கான அமெரிக்காவின் 13டி தரநிர்ணயம் பொதுவாகக் கேட்பது 10 நிமிடத் தண்ணீர்தான். தீ அணைந்தால் நல்லது. முக்கிய நோக்கம் ஆட்கள் தப்பிப்பதற்கு அவகாசம் தருவது.

ஹென்றி பார்மெலி அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலிருந்த தன் பியானோ ஆலையைக் காக்க 1874இல் தானியங்கி ஸ்பிரிங்ளரை உருவாக்கினார். வீடுகளுக்கான அந்த 13டி வந்ததோ 1975இல்! பியானோவுக்குக் கிடைத்தது தூங்குகிற மனிதருக்குக் கிடைக்க நூறு வருஷம் ஆகியிருக்கிறது. புதிய வீடுகள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்கிய முதல் நாடு வேல்ஸ், 2016இல்.

சரி, இது இருந்தால் புகை அலாரம் வேண்டாமா? வேண்டும். மெத்தை கனன்றுகொண்டே இருந்தால் விஷப்புகை நிறைய வரும், குப்பியை உடைக்கும் சூடு வராது. அப்புறம், வெள்ளையடிக்கும்போது தலையில் பெயின்ட் படக்கூடாது. பட்டால் குப்பி சூடேறத் தாமதமாகும், மூடியும் ஒட்டிக்கொள்ளலாம். சுரண்டிப் பார்க்காமல் புதுத்தலை மாற்றிவிட வேண்டும்.