பல் வரிசைக்குத் தலை எக்ஸ்ரே எதற்கு?

"மகளுக்குப் பல்லில் கிளிப் போடலாம் என்று போனோம். பல்லை மட்டும் எடுத்தால் போதாதாம், முழுத் தலையையும் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். எதற்கு?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

எத்துப்பல்லையே எடுத்துக்கொள்வோம். மேல்தாடை முன்னால் வளர்ந்திருக்கலாம். கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம். இரண்டு தாடைகளும் சரியாக இருந்து, பற்கள் மட்டும் முன்சாய்ந்திருக்கலாம். வாயைத் திறந்து பார்த்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மூன்றுக்கும் வைத்தியம் வேறு. 1899இல் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பற்கள் கடிக்கும் விதத்தை மூன்று வகையாகப் பிரித்தபோது கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைத்தான் அளவுகோலாக வைத்தார். பல்லுக்குப் பின்னால் எலும்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அந்தப் பிரிவு சொல்லாது.

கம்பி கட்டிப் பல்லை நகர்த்துவது எப்படி என்பது பலருக்கும் தெரிந்ததே. அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது, இழுபடும் பக்கம் புதிதாகப் படிகிறது. இதில் இடம்பெயர்வது பல்தான். தாடை எங்கே நிற்க வேண்டும் என்பது வேறோர் இடத்தில் தீர்மானமாகிறது. என்னை எப்போதும் வியக்கவைப்பது அந்த இடம்தான்.

மூளை ஒரு எலும்புத் தளத்தின்மேல் அமர்ந்திருக்கிறது. அதுதான் கபால அடித்தளம். அதன் முன்பாதியோடு மேல்தாடை ஒட்டியிருக்கிறது. கீழ்த்தாடைக்கோ அந்தப் பகுதியோடு நேரடி உறவே இல்லை. அது காதுக்குச் சற்று முன்னால், டெம்போரல் எனப்படும் பொட்டெலும்பில் உள்ள குழியில் பொருந்தி அசைகிறது. அதாவது, ஒன்றையொன்று கடிக்க வேண்டிய இரண்டு தாடைகளும் அடித்தளத்தின் இரு வேறு பகுதிகளில் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அந்த இரு பகுதிகளுக்கும் நடுவில், பிட்யூட்டரி சுரப்பிக்குக் கீழே, அடித்தளத்தின் நடுவிலுள்ள ஸ்பீனாய்டு எலும்பையும் அதன் பின்னாலுள்ள பிடரி எலும்பையும் இணைக்கும் மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது.

கை கால் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு ஒரு பக்கமாகத்தான் எலும்பைச் சேர்க்கும். இந்தப் பட்டை இரு பக்கமும் சேர்க்கிறது. நடுவில் ஓய்ந்திருக்கும் செல்கள். அவற்றுக்கு இருபுறமும் பெருகும் செல்கள். விளிம்புகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறுகிறது. அது வளர வளர முன்பகுதி மேல்தாடையோடு முன்னே போகிறது. பின்பகுதி கீழ்த்தாடையின் மூட்டுக்குழியோடு பின்தங்குகிறது. கீல் பதித்த சுவர் பின்னால் நகர்ந்தால் கதவும் கூடவே பின்னால் போகுமல்லவா? அந்த இடைவெளியை ஈடுகட்டும் அளவுக்குக் கீழ்த்தாடை தானும் நீள வேண்டியிருக்கிறது. பட்டை எலும்பாகி மூடிக்கொள்வது பதின்ம வயதில்தான். பெண்களுக்குச் சற்று முன்னதாகவே.

நீளத்தைப் போலவே வளைவும் முக்கியம். மூக்கின் வேரிலிருந்து பிட்யூட்டரியின் குழிக்கும், அங்கிருந்து தண்டுவடம் கீழிறங்கும் பிடரித் துளையின் முன்விளிம்புக்கும் கோடு இழுத்தால் சராசரியாக 130 பாகை அளவில் ஒரு கோணம் கிடைக்கும். அது விரிந்தால் மூட்டுக்குழி பின்னால் போய், கீழ்த்தாடை உள்வாங்க வாய்ப்பு அதிகம். குறுகினால் கீழ்த்தாடை முன்னே துருத்தலாம். இந்தக் கோணம் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுவதில்லை. தாடையின் சொந்த நீளம் பல நேரங்களில் குறையைச் சரிக்கட்டிவிடுகிறது.

குருத்தெலும்பின் பங்கை அகான்ட்ரோபிளேசியா என்ற மரபணு நிலை தெளிவாகக் காட்டுகிறது. அதில் குருத்தெலும்பு வழியாக நடக்கும் வளர்ச்சி குன்றுகிறது. கை கால்கள் குட்டையாகின்றன, கபால அடித்தளமும் குறுகுகிறது. குருத்தெலும்பின் துணையில்லாமல் உருவாகும் மண்டையின் கூரையோ நன்றாகவே வளர்கிறது. விளைவாக முகத்தின் நடுப்பகுதி உள்ளடங்கி, கீழ்த்தாடை முன்னால் நிற்பதாகத் தெரிகிறது.

உள்வாங்கிய முகவாய் கோழைத்தனத்தின் அடையாளம், அகன்ற தாடை மனவுறுதியின் அடையாளம் என்று முகம் பார்த்துக் குணம் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிஞ்சு வயதுக் குருத்தெலும்பின் வேலையை ஒருவரின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது அநியாயம். நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பழகினால் பெரியவர்களுக்கும் தாடையின் வடிவம் மாறும் என்று சொல்லும் காணொளிகளுக்கும் நம்பத்தக்க ஆதாரம் கிடையாது.

இந்த எலும்பு அமைப்பைக் காட்டுவதுதான் பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே. தலையை அசையாமல் நிறுத்தி, ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் படமெடுக்கும் முறையை 1931இல் அமெரிக்காவில் ஹாலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹெர்பர்ட் ஹோஃப்ராட்டும் தனித்தனியே வெளியிட்டார்கள். பிராட்பென்ட்டின் குழு கிளீவ்லாந்தில் ஆரோக்கியமான குழந்தைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து படமெடுத்தது. தேவையில்லாமல் குழந்தைகள்மேல் கதிர்வீச்சைப் பாய்ச்சக்கூடாது என்பதால் அப்படியோர் ஆய்வை இன்று செய்ய முடியாது. ஆகவே அந்தப் பழைய படங்களைக் காப்பதற்கும் மீண்டும் ஆராய்வதற்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவு கேட்கும் நிதி முறையில் மனித வளர்ச்சியைப் படிக்க முடியாது.

வாசகியின் மகளுடைய படத்தில் மருத்துவர் முதலில் மூக்கின் வேரையும் பிட்யூட்டரிக் குழியின் மையத்தையும் இணைத்துக் கோடு போடுவார். அடித்தளத்தின் முன்பகுதி ஏழு வயது வாக்கிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடுவதால் அதை நிலையான கோடாக நம்பலாம். அதிலிருந்து மேல்தாடை சுமார் 82 பாகை, கீழ்த்தாடை 80 பாகை என்பது வழக்கமான கணக்கு. ஆனால் அந்தக் கோடே சாய்ந்திருந்தால் கணக்கு ஏமாற்றும். அதனால்தான் 1975இல் அலெக்சாண்டர் ஜேக்கப்சன் கபாலத்தை விட்டுவிட்டு, பற்கள் கடிக்கும் தளத்தை வைத்தே அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுண்டு.

அதே படத்தில் கழுத்தெலும்புகளும் விழும். அவற்றின் அடிவிளிம்பு தட்டையாக இருக்கிறதா, குழிந்துவிட்டதா என்று பார்த்து, பருவ வளர்ச்சி வேகமெடுக்க இன்னும் காலம் இருக்கிறதா என்று கணிக்கிறார்கள். காலம் இருந்தால் தாடை வளர்ச்சிக்குத் துணைசெய்யும் கருவிகளை முயலலாம். வளர்ச்சி முடிந்திருந்தால், பற்களை நகர்த்திப் பொருத்தக்குறையை ஈடுசெய்வது ஒரு வழி. குறை பெரிதாக இருந்தால் தாடையில் அறுவை சிகிச்சை.