ஈரக்குமிழ் வெப்பநிலை

கோடைச் செய்திகளில் ‘வெட் பல்ப் டெம்பரேச்சர்’ என்பதை ‘ஈரப்பத வெப்பநிலை’ என்று எழுதிவிடுகிறார்கள். இது பிழை. ஈரப்பதம் என்பது சதவீதத்தில் சொல்லும் வேறு அளவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எத்தனை பாகை காட்டுகிறதோ அதுதான் வெட் பல்ப் டெம்பரேச்சர்.

இங்கே பல்ப் என்பது வெப்பமானியின் அடியில் பாதரசமோ சாயமிட்ட ஆல்கஹாலோ நிற்கும் உருண்டை முனை. வெங்காயம் போன்ற கிழங்கைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அந்த வடிவில் திரண்டிருக்கும் பொருள்களுக்கும் பெயரானது. தமிழில் அந்த முனைக்குக் ‘குமிழ்’ சரியாகப் பொருந்துகிறது. ஆகவே துணி சுற்றாத வெப்பமானி உலர்குமிழ், ஈரத்துணி சுற்றியது ஈரக்குமிழ். ‘ஈரக்குமிழி’ என்று எழுதினால் நீர்க்குமிழி நினைவுக்கு வரும்; அதைத் தவிர்க்கலாம்.

துணியிலிருக்கும் நீர் ஆவியாகும்போது குமிழிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. காற்று வறண்டிருந்தால் நீர் வேகமாக ஆவியாகி அளவு நன்றாக இறங்கும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் அவ்வளவாக இறங்காது. 40 பாகை வெயிலில் ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் சுமார் 23 பாகைதான். 35 பாகையில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதுவே 30ஐத் தொடும். உள்மாவட்டத்தில் 40 அடித்தது என்பது தலைப்புச் செய்தியாகிறது. கடற்கரை ஊரின் அந்த 35ஐ யாரும் கவனிப்பதில்லை. உடலுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதோ இரண்டாவதில்தான்.

காரணம் வியர்வை. நம் தோலும் ஈரத்துணி போலத்தான் குளிர்கிறது. தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 பாகை. ஈரக்குமிழும் 35ஐ எட்டிவிட்டால் வியர்வை ஆவியாகியும் உடல் வெப்பம் வெளியேற வழியில்லை. நிழலில், தண்ணீர் குடித்தபடி, சும்மா உட்கார்ந்திருப்பவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. 2010இல் காலநிலை ஆய்வாளர்கள் ஷெர்வுட், ஹ்யூபர் இருவரும் இதையே மனித உடலின் எல்லையாகக் கணித்தார்கள். பாகிஸ்தானின் ஜேக்கபாபாத் இந்த அளவைச் சிறிது நேரம் தொட்டிருப்பதை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் நல்ல உடல்நிலையிலுள்ள இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு இன்னும் கடுமையானது: ஈரக்காற்றில் ஈரக்குமிழ் 30-31 பாகையாக இருக்கும்போதே உடல் வெப்பம் நிலைகொள்ளாமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு எல்லை இதைவிடக் கீழே.

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகள் வேண்டும். முதலில் இரண்டையும் உலர்வாக அருகருகே வைத்து, அளவில் வேறுபாடு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழை மெல்லிய பருத்தி மல் துணியால் ஒரே சுற்று சுற்றுங்கள். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், நீர் ஊறாது. கொதிக்கவைத்து அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். காய்ச்சி வடித்த நீரால் நனையுங்கள். குழாய்த் தண்ணீரானால் நாளடைவில் துணியில் உப்புப் படிந்து அளவு உயர்த்திக் காட்டும். கடற்கரையில் உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும் என்பதால் துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் தண்ணீர் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில் 5 நிமிடம் விட்டு, அளவு இறங்கி நின்றதும் ஈரக்குமிழை முதலில் படியுங்கள். துணி காய்ந்திருந்தாலோ காற்று போதாமலிருந்தாலோ உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ஏர் கூலர் வாங்குவோருக்கும் இந்த எண் உதவும். கூலர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் காற்றை ஈரக்குமிழ் அளவுக்குக் கீழே குளிர்விக்காது. வேலூரின் வறண்ட பகலில் சுகம் தரும் அதே கூலர் சென்னையில் புழுக்கத்தைத்தான் கூட்டுகிறது.

செல்போன் காட்டும் ‘ஃபீல்ஸ் லைக்’ வேறு. அதற்கு ‘உணர்வு வெப்பநிலை’ பொருத்தம். டபிள்யூபிஜிடி (வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர்) என்பதும் வேறு. அதை ‘ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை’ எனலாம். 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் சாய்ந்ததையொட்டி உருவான அளவு அது. இதற்கான ஈரக்குமிழை விசிறாமல் வெயிலிலேயே வைக்க வேண்டும். கூடவே 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கறுப்புக் கோளத்தின் நடுவில் ஒரு வெப்பமானி. ஈரக்குமிழில் 0.7 பங்கு, கோளத்தில் 0.2, காற்று வெப்பத்தில் 0.1 எடுத்துக் கூட்ட வேண்டும். முறையே 29, 45, 36 என்றால் விடை 32.9. வெயிலுக்குப் பழகிய உடல் நடுத்தர உழைப்பைத் தொடர்ந்து செய்ய ஐஎஸ்ஓ 7243 என்ற சர்வதேசத் தரநிலை வைத்திருக்கும் அளவுகோல் 28 பாகை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் சிறுநீரகப் பாதிப்பையும் ஆராய்ந்தபோது கையாண்டதும் இந்த அளவைத்தான். வெயிலில் வேலை செய்வோருக்கான எச்சரிக்கையில் இந்த எண் வர வேண்டும். வெறும் ஈரக்குமிழ் எண்ணை மட்டும் போட்டால் வெயிலின் சூடு கணக்கில் வராமல் போய்விடும்.