நிலத்தடியில் காபனீரொட்சைட்டு: அனுமதி யாருக்கு, பொறுப்பு எத்தனை ஆண்டுக்கு?

மட்டக்களப்பில் பல வீடுகளுக்கு நோர்வேயில் சொந்தக்காரர் உண்டு. புவி சூடாவதைக் குறைக்கவென்று, அங்கே ஆலைப் புகையிலிருந்து பிரித்தெடுத்த காபனீரொட்சைட்டைக் கப்பலில் கொண்டுபோய், கடற்படுகைக்கு ஏறத்தாழ 2,600 மீற்றர் கீழே செலுத்துகிறார்கள். பிரெவிக் சீமெந்து ஆலையின் வாயு 2025இல் இறங்கத் தொடங்கியது. ‘இங்கேயும் வருமா, கிணற்றுத் தண்ணீர் என்னாகும்?’ என்று கேட்பவர்களுக்குத்தான் இது.

முதலில் பாறை. வாயு புக நுண்துளையுள்ள மணற்கல் வேண்டும். அதன்மேல் இறுக்கமான களிப்பாறை மூடி நிற்க வேண்டும். ஏறத்தாழ 800 மீற்றருக்குக் கீழே அழுத்தத்தால் வாயு அடர்ந்து, கொஞ்ச இடத்தில் அடங்கிவிடும். படுவான்கரையில் மண்ணுக்குக் கீழே இருப்பதோ பழைய கருங்கல். குடும்பிமலையில் வெளியே தெரிகிறதே, அந்த இனம்தான். அதில் துளை கிடையாது, வெடிப்புத்தான் உண்டு. வெடிப்பை நம்பி வாயுவை அடைத்து வைக்க முடியாது. மணற்கல், களிப்பாறை போன்ற படிவுப் பாறை தடித்துக் கிடப்பது மன்னார்க் கடற்படுகைப் பக்கம்.

சரி, அனுமதி எப்படி? ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கொண்டுவந்த விதியையே நோர்வேயும் பின்பற்றுகிறது. இடத்தை ஆராய ஓர் அனுமதி, சேமிக்க வேறோர் அனுமதி. வாயுவை இறக்கும் முன்பே கம்பனி நிதி உத்தரவாதம் காட்ட வேண்டும். வாயுவை இறக்கிய ஆழ்துளைக் கிணற்றை மூடிய பிறகும் கண்காணிப்பும் கசிவைத் திருத்தும் வேலையும் கம்பனியுடையதே. வாயு நிலையாக அடங்கிவிட்டதென்று நிரூபித்தால்தான் பொறுப்பு அரசுக்குப் போகும். அதற்குப் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டு. கைமாற்றும்போது மேலும் 30 ஆண்டுக் கண்காணிப்புச் செலவையாவது கம்பனி கட்ட வேண்டும். தகவலை மறைத்தது பின்னர் தெரியவந்தால், அதனால் வந்த செலவையும் அரசு அறவிடலாம். என்னைக் கேட்டால், இந்த விதியின் உயிரே இந்தக் கடைசிப் பகுதிதான். தோண்டியவர் பணத்தோடு போய்விட, ஊர்க்காரர் பாதிப்போடு நிற்கக் கூடாது.

நிலத்தைத் தோண்டும் எந்தப் பெரிய திட்டத்திலும் இதை நாமும் கேட்கலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தேவைப்படும் திட்டமென்றால், தேசிய சுற்றாடல் சட்டப்படி வர்த்தமானியிலும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மொழிக்கொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். அன்றிலிருந்து 30 நாளுக்குள் யாரும் கருத்து அனுப்பலாம். காணி உங்கள் பெயரில் இருக்க வேண்டியதில்லை. அறிக்கையில் நிலத்தடி நீர்ப் பகுதியை முதலில் பாருங்கள். உங்கள் கிணற்றின் ஆழம், கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்பதை எழுதுங்கள். அப்புறம், வேலை முடிந்தபின் யார், எத்தனை ஆண்டு, யார் செலவில் கண்காணிப்பார் என்று எழுத்தில் கேளுங்கள்.