மனசு அலைந்தால் திட்டாதீர்கள்

நிம்மதி வேண்டுமென்றால் சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடுதான். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் குளிர்ந்த காற்று. ஆனால் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று ஊரைப் பார்க்கும்போதே சீட்டுப் பணமும் பிள்ளையின் மார்க்கும் ஞாபகத்துக்கு வந்துவிடும். மலையின் குறையல்ல அது. 2010இல் உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், மக்களைக் கைபேசி வழியே அவ்வப்போது கேட்டபோது, ஏறக்குறைய 47 சதவீத நேரம் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை.

மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கும் பயிற்சி, சொல்லித்தரும்போது நான் அதிகம் கேட்கும் புலம்பல், "மூச்சைக் கவனிக்கக்கூட எனக்கு வரலீங்க மேடம், எதுக்குமே லாயக்கில்லை" என்பது. கொலுசுப் பட்டறையில் பற்ற வைக்கும் பெண்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நெருப்பு ஒரு நொடி கூடுதலாக நின்றால் வெள்ளி உருகிவிடும் வேலை அது. அவர்களுக்குக் கவனத்தை நானா கற்றுத்தர வேண்டும்? இல்லாதது கவனமல்ல, தன்மேல் கொஞ்சம் இரக்கம்.

"பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யற பொண்ணு அழுதா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வரும்: "விடு கண்ணு, எல்லாருக்கும் வர்றதுதான்னு சொல்லுவேன்."

உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல், தன்மேல் காட்டும் இந்த இரக்கத்துக்கு, அதாவது சுயபரிவுக்குச் சொன்ன மூன்று கூறுகளில் இரண்டு இந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன: கனிவு, கஷ்டம் எல்லோருக்கும் பொது என்ற உணர்வு. மூன்றாவது, வலியை ஊதிப் பெரிதாக்காமலும் மறைக்காமலும் பார்ப்பது. அடுத்தவருக்குச் சொல்வதைத் தனக்குச் சொல்லத்தான் நமக்குக் கூச்சம்.

எனவே பயிற்சியை இப்படித் தொடங்கச் சொல்கிறேன். இரு பாதங்களும் தரையில் படட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது சற்று நீளமாக இருக்கட்டும். வெளிமூச்சின்போது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு சற்றுத் தணியும். மனம் ஓடிவிட்டதா? 'ஓடிவிட்டது' என்று தெரிந்த கணம் தோல்வி அல்ல, பயிற்சியே அதுதான். அங்கே அந்த "விடு கண்ணு"வை உங்களுக்கே சொல்லிவிட்டுத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் போதும். மைண்ட்ஃபுல்னெஸை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த ஜான் கபட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்தவர்களுக்காகவும் தொடங்கிய பயிற்சி 8 வாரம் நீள்வது, அவசரம் வேண்டாம்.

எல்லோருக்கும் கண்ணை மூடுவது ஒத்துவராது. விபத்தோ வன்முறையோ கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடியதும் அந்தக் காட்சியே எழலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, சுவரையோ ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்தையோ பார்க்கலாம். படபடப்பு கூடினால் நிறுத்திவிடலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தவே கூடாது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அன்றே, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அரசுச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.