நம் ஊர் வெயிலில் தானே கொதிக்கும் ஈதர்

இடுப்பு எலும்பு அறுவைக்காகப் பாம்பனிலிருந்து வந்திருந்த பாட்டி, மயக்கம் கொடுக்கப்போவது நான்தான் என்று தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, மூக்குல துணிய வச்சுச் சொட்டுச் சொட்டா ஊத்துவாகளே, அந்த வாடை மருந்தா?"

அது ஈதர் என்ற பழைய மயக்க மருந்து. தலைப்பிரசவத்தில் வயிற்றைக் கிழித்து எடுத்தபோது கொடுத்தார்களாம். இரண்டு நாள் விடாத வாந்தி. "இல்லை பாட்டி, இப்போ முதுகில் ஓர் ஊசி, அவ்வளவுதான்" என்றேன்.

ஆனால் ஈதரை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1846 அக்டோபர் 16 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் அதைப் பலர் முன்னிலையில் கொடுத்துக் காட்டினார். அதுவரை அறுவை என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மறு ஆண்டே வந்த இன்னொரு மயக்க மருந்தான குளோரோஃபார்ம் சில சமயம் இதயத்தைத் திடீரென்று நிறுத்திவிடும். ஈதர் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வளவு லேசில் சாய்க்காது. மூக்கின் மேல் வைக்கும் கம்பிக்கூடும் மடித்த துணியும் மட்டுமே இருந்த சிறு ஆஸ்பத்திரிகளில் அது எத்தனையோ உயிர்களைக் காத்தது.

அதை அறுவை அரங்கிலிருந்து வெளியேற்றியது தீ. ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. ராமநாதபுரத்துச் சித்திரையில் நிழலிலேயே அந்தச் சூடு வந்துவிடும். ஆவி காற்றைவிட 2.5 மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தள்ளி எரியும் அடுப்பில் பற்றி, வந்த வழியே பாட்டிலுக்குத் திரும்பும்.

கொழுப்பையும் மெழுகையும் நன்றாகக் கரைப்பதால் ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. ஒரு கல்லூரியில் முதலுதவி வகுப்பு எடுக்கப் போனபோது பார்த்தேன். சாதாரண வீட்டு ஃபிரிட்ஜில், குடிதண்ணீருக்குப் பக்கத்தில் பழுப்பு நிற ஈதர் பாட்டில். மூடியைச் சுற்றி உப்புப் பூத்தது போல வெள்ளைப் படிகம். காற்றும் வெளிச்சமும் பட்டு ஈதரில் பெராக்சைடு என்ற வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகும். அந்தப் படிகம் மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கலாம். "தொறந்து காட்டவா டாக்டர்?" என்று ஆய்வக உதவியாளர் கையை நீட்டினார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எல்லோரையும் வெளியேற்றி, அறையைப் பூட்டி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் ஆவி குறையும், சரி. ஆனால் வீட்டு ஃபிரிட்ஜின் தெர்மோஸ்டாட்டும் விளக்கும் தீப்பொறி விடும். தீப்பொறி வராத, ஆய்வகத்துக்கென்றே செய்த ஃபிரிட்ஜ் வேண்டும்.

ஆய்வக ஆசிரியர்களே, பாட்டிலைத் திறந்த அன்றே அதன் மேல் தேதி எழுதுங்கள். கொஞ்சமாக வாங்குங்கள். எப்போது திறந்தது என்று தெரியாத பழைய பாட்டில் கிடைத்தால் அசைக்காமல் விட்டுவிட்டு 101ஐக் கூப்பிடுங்கள்.