தலைமைப் பயிற்சியாளர் போன பிறகு: கல்லூரி ஃபுட்பாலில் கையொப்பமிடும் குடும்பங்களுக்குச் சில விளக்கங்கள்

2025 அக்டோபர் 11 அன்று பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, தன் சொந்த மைதானத்திலேயே நார்த்வெஸ்டர்ன் அணியிடம் 22-21 என்ற கணக்கில் தோற்றது. பருவம் தொடங்கும்போது ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த அணி அது. ஆரிகனிடம் கூடுதல் நேரம் வரை போராடித் தோற்று, அடுத்த வாரம் அதுவரை ஓர் ஆட்டத்தில்கூட வெல்லாத யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) அணியிடமும் தோற்றிருந்ததால், இது தொடர்ச்சியாக மூன்றாவது தோல்வி. மறுநாள் தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் பணிநீக்கம் செய்யப்பட்டார். அடுத்து வரப்போவது யார் என்று விளையாட்டுச் செய்திகள் ஊகித்துக் கொண்டிருந்த அதே நாட்களில், அந்தப் பல்கலைக்கழகத்திற்கு வருவதாக ஏற்கெனவே வாக்களித்திருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் வீடுகளில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது: நம் பிள்ளைக்குக் கொடுத்த வார்த்தை இன்னும் செல்லுமா?

நான் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். பாடத்தேர்வு, கல்லூரி விண்ணப்பம், நிதியுதவிப் படிவங்கள் ஆகியவையே என் அன்றாட வேலை. ஆட்ட நுட்பம் என் துறை அன்று. ஆனால் விளையாட்டு உதவித்தொகையை நம்பிக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர்களின் காகிதங்களும் என் மேசைக்கு வருவதால், ஒரு பயிற்சியாளரின் வேலை போவது ஒரு மாணவரின் படிப்பை எப்படித் தொடுகிறது என்பதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் டென்னிஸ், நீச்சல், சாக்கர் போன்ற விளையாட்டுகளின் வழியாகக் கல்லூரிக்குச் செல்வது இப்போது புதிதல்ல. பணமும் பரபரப்பும் மிகுந்த ஃபுட்பாலில் இந்தச் சிக்கல் பெரிதாகத் தெரிகிறது என்பதால் அதை எடுத்துக்கொண்டேன். அடிப்படை எல்லா விளையாட்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் தெளிவாக்க வேண்டியது, ‘கமிட்’ செய்தல் என்று சொல்லப்படுவதன் மதிப்பு. ஒரு மாணவர் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்திற்குச் செல்வதாக அறிவிப்பது வாய்வழி ஒப்புதல் மட்டுமே. அது மாணவரைக் கட்டுப்படுத்தாது என்பது பலருக்கும் தெரியும். பல்கலைக்கழகத்தையும் கட்டுப்படுத்தாது என்பதைத்தான் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். கையொப்பமிட்ட நிதியுதவி ஒப்பந்தம் கைக்கு வரும்வரை, சமூக ஊடகத்தில் வந்த அழகிய அறிவிப்புப் படத்துக்கும், பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து அம்மாவின் சமையலைப் புகழ்ந்துவிட்டுப் போனதற்கும் சட்டப்படி எந்தப் பொருளும் இல்லை.

பென் ஸ்டேட்டில் நடந்ததைத் தேதி வரிசையில் பார்த்தால் இது விளங்கும். ஃபிராங்க்ளின் போனது அக்டோபர் 12. அந்த ஆண்டு கையொப்பக் காலம், அதாவது மாணவர்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடக்கூடிய நாள்கள், தொடங்கியது டிசம்பர் 3. இடையிலிருந்த ஏழு வாரங்களில் விளையாட்டுத் துறை இயக்குநர் பேட் கிராஃப்ட் பலரோடும் பேசியதாகச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தன. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தின் கலானி சிட்டாகே கடைசி நேரத்தில் தம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டார். இதற்குள், நவம்பர் 17 அன்று, ஃபிராங்க்ளினை விர்ஜினியா டெக் நியமித்தது. பென் ஸ்டேட்டுக்கு வாக்களித்திருந்த மாணவர்களில் பலர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். வேறு சிலர் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். டிசம்பர் 3 அன்று பென் ஸ்டேட்டுடன் கையொப்பமிட்டவர்கள் இரண்டே பேர். அயோவா ஸ்டேட்டின் மேட் கேம்பெல் புதிய தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டது டிசம்பர் 5. நாடு முழுவதும் நல்ல மாணவர்களில் பெரும்பாலோர் கையொப்பமிட்டு முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பின்தொடர்ந்து போன அந்த மாணவர்களை நன்றி கெட்டவர்கள் என்று ரசிகர்கள் திட்டியதைப் படித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளாக வாரந்தோறும் பேசியவர், வீட்டாரைப் பெயர் சொல்லி விசாரித்தவர், எந்த இடத்தில் ஆட வைப்பேன் என்று விளக்கியவர் போய்விட்டார். அவருடைய இடத்தில் யார் என்று சொல்ல எவரும் இல்லை. பதினேழு வயதுப் பிள்ளை வெற்றிடத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகப் படவில்லை. ஃபிராங்க்ளினே 2014 ஜனவரியில் வாண்டர்பில்ட்டிலிருந்து பென் ஸ்டேட்டுக்கு வந்தபோது, அங்கே வாக்களித்திருந்த சிலர் அவரோடு இங்கே வந்தார்கள் என்பதையும் நினைவில் வைக்கலாம். அன்று வரவேற்றவர்கள்தான் இன்று வருந்துகிறார்கள்.

தேடல் ஏன் இவ்வளவு இழுக்கிறது, ஏன் இவ்வளவு இரகசியமாக நடக்கிறது என்று பெற்றோர் கேட்பதுண்டு. விரும்பப்படும் பயிற்சியாளர் பெரும்பாலும் வேறோர் இடத்தில் வேலையில் இருப்பவர். அவருடைய அணிக்கு இன்னும் ஆட்டங்கள் மீதமிருக்கும். பேச்சுவார்த்தை வெளியே தெரிந்தால் அங்கேயும் அவருடைய ஆட்டக்காரர் சேர்ப்பு குலைந்துபோகும். ஆகவே முகவர்கள் வழியாகவும் தேடலுக்கென்றே உள்ள நிறுவனங்கள் வழியாகவும் பேசுகிறார்கள், எல்லோரும் எல்லாவற்றையும் மறுக்கிறார்கள். சில பேச்சுகள் சம்பள உயர்வில் முடிந்து, அவர் இருந்த இடத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. பணம் இன்னொரு காரணம். ஒப்பந்தக் காலம் முடியும் முன் நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை ஃபிராங்க்ளின் விஷயத்தில் ஏறத்தாழ 4.9 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. அவர் வேறு வேலையில் சேர்ந்ததும் அது சுமார் 90 இலட்சம் டாலராகப் பேசி முடிக்கப்பட்டது. நீக்கப்பட்டவர் விரைவில் வேலை பெறுவது பழைய முதலாளிக்கு இலாபம்; ஆனால் அதே வேகம்தான் பழைய இடத்தின் மாணவர்களையும் அவரோடு இழுத்துச் செல்கிறது.

இதில் நாட்காட்டிக்குப் பெரும்பங்கு உண்டு. முன்பு பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் கையொப்பம் தொடங்கும் நாள். பருவம் நவம்பர் இறுதியில் முடிந்து, டிசம்பரில் புதியவரை நியமித்து, ஜனவரி முழுவதும் அவர் மாணவர்களைச் சந்தித்து நம்பிக்கை தர முடிந்தது. 2017 டிசம்பரில் முன்கூட்டிய கையொப்பக் காலம் அறிமுகமானது. 2024இல் அது டிசம்பர் முதல் வாரத்துக்கே நகர்த்தப்பட்டது. வழக்கமான பருவம் முடிந்து சில நாள்களில் கையொப்பம். அதனால்தான் இப்போது செப்டம்பரிலும் அக்டோபரிலுமே பணிநீக்கங்கள் நடக்கின்றன. ஃபிராங்க்ளினை எடுத்துக்கொண்ட விர்ஜினியா டெக், தன் பழைய பயிற்சியாளர் பிரென்ட் பிரையை 2025 செப்டம்பர் 14 அன்றே நீக்கியிருந்தது. ஒரு மாதம் முன்னதாகத் தேடலைத் தொடங்கியதன் பலனை அது கையொப்ப நாளில் கண்டது.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். 1964 முதல் வழக்கிலிருந்த தேசிய ஒப்புதல் கடிதம் (மாணவரை ஒரே பல்கலைக்கழகத்தோடு பிணைக்கும் தாள்) என்ற முறை 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. அதன் இடத்தில் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி ஒப்பந்தமே கையொப்பத்துக்கு வருகிறது. மாணவர் அதில் கையொப்பமிட்டதும் பிற பல்கலைக்கழகங்கள் அவரைச் சேர்க்கும் நோக்கில் தொடர்புகொள்வது தடைசெய்யப்படுகிறது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, விளையாட்டு மாணவர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் முதலாம் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம் என்பதால், வருவாய்ப் பகிர்வு ஒப்பந்தம் என்ற இன்னொரு தாளும் சேர்ந்துகொண்டது. இதை வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

ஒரு மாணவரின் தாயார் என் அறையில் உட்கார்ந்து, தன் மகனுக்கு வந்த நிதியுதவி ஒப்பந்தத்தை விரலால் தொட்டுத் தொட்டு வரிவரியாகப் படித்தார். கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, நூல்கள், எத்தனை ஆண்டு, எந்தச் சூழலில் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம் என்ற விதிகள் எல்லாம் இருந்தன. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தவர், “அவர் பேர் எங்கேயும் இல்லையே?” என்றார். இருக்காது. மகனை அழைத்தவர் பயிற்சியாளர். ஒப்பந்தம் செய்வது பல்கலைக்கழகம். பயிற்சியாளர் மறுநாளே போனாலும் அந்தத் தாள் அப்படியே செல்லுபடியாகும். அது மாணவருக்குப் பாதுகாப்பும்தான், கட்டும்தான்.

கட்டாக மாறும் விதத்தை மிச்சிகன் மாணவர்கள் அறிவார்கள். 2025 டிசம்பர் 3 அன்று அவர்கள் கையொப்பமிட்டார்கள். டிசம்பர் 10 அன்று தலைமைப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பணிநீக்கம் செய்யப்பட்டார். டிசம்பர் 26 அன்று கைல் விட்டிங்காம் நியமிக்கப்பட்டார். ஒரே வாரத்தில் பேசிய ஆள் இல்லை, தாள் மட்டும் மிஞ்சியது. இப்படிப்பட்ட நிலையில் விலக விரும்பும் புதிய மாணவர், பல்கலைக்கழகத்திடம் விடுவிப்புக் கேட்டுப் பேச வேண்டியிருக்கும். ஏற்கெனவே அணியில் இருப்பவர்களுக்கு வழி வேறு. தலைமைப் பயிற்சியாளர் போனால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் எனப்படும் இடமாற்றப் பதிவில் 30 நாள் வாய்ப்பு இருந்தது. 2025 அக்டோபரில் அது மாற்றப்பட்டு, புதியவர் நியமிக்கப்பட்ட ஐந்தாம் நாளிலிருந்து 15 நாள் என்று ஆக்கப்பட்டது. புதியவரைச் சந்தித்த பிறகு முடிவெடுக்கலாம் என்பது இதன் நன்மை. நேரம் பாதியாகக் குறைந்தது தீமை.

தலைமைப் பயிற்சியாளரை மட்டும் கவனித்தால் போதாது என்பதற்கு, இத்துறையில் அடிக்கடி நினைவுகூரப்படும் நிகழ்வு ஒன்று உண்டு. 2015 பிப்ரவரியில் ஜார்ஜியா மாநில மாணவர் ரோக்வான் ஸ்மித், யு.சி.எல்.ஏ.வுக்குச் செல்வதாகத் தொலைக்காட்சி நேரலையில் அறிவித்தார். ஆனால் கையொப்பத் தாளை அவர் ஃபேக்ஸில் அனுப்பியிருக்கவில்லை. தம்மை அழைத்த தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஜெஃப் அல்பிரிக், அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போகப்போகிறார் என்ற செய்தி எட்டியதும் தாளை நிறுத்திக்கொண்டார். பிறகு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தபோதும், ஒப்புதல் கடிதத்தில் கையொப்பமிடாமல் நிதியுதவித் தாளில் மட்டும் கையொப்பமிட்டார். அதே ஆண்டின் இறுதியில் அங்கும் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ரிக்ட் போனார், கர்பி ஸ்மார்ட் வந்தார். ஸ்மித் அங்கேயே தங்கி, 2017இல் நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான (தடுப்பாட்டத்தில் நடுவரிசை ஆட்டக்காரர்) பட்கஸ் விருதைப் பெற்றார். அவ்வளவு திறமை இருந்ததால்தான் அவருக்குப் பேரம் பேச முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயிற்சியாளர் போன எல்லா இடத்திலும் சேர்ப்பு சரிவதில்லை. 2021 நவம்பர் இறுதியில் பிரையன் கெல்லி நோட்டர் டேமை விட்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனபோது, சில நாள்களிலேயே உள்ளேயிருந்த மார்கஸ் ஃபிரீமனை உயர்த்தினார்கள். மாணவர்களுக்கு ஏற்கெனவே பழகிய முகம் என்பதால் அந்த ஆண்டுச் சேர்ப்பு பெரிதும் நிலைத்தது. வெளியிலிருந்து ஆளை எடுக்கும்போது அதிர்வு வெகுதூரம் போகும். 2024 ஜனவரி 10 அன்று அலபாமாவின் நிக் சேபன் ஓய்வை அறிவித்தார். இரண்டு நாளில் வாஷிங்டனின் கேலன் டிபோர் அங்கே போனார். வாஷிங்டன் அரிசோனாவின் ஜெட் ஃபிஷ்ஷை எடுத்தது. அரிசோனா சான் ஹோசே ஸ்டேட்டின் பிரென்ட் பிரென்னனை எடுத்தது. அலபாமாவில் ஒருவர் ஓய்வு பெற்றதால் கலிபோர்னியாவில் ஒரு சிறிய பல்கலைக்கழக அணியில் கையொப்பமிட்டிருந்த மாணவர்கள் பயிற்சியாளரை இழந்தார்கள். அலபாமாவில் வகுப்பில் சேர்ந்தே விட்டிருந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) ஜூலியன் சேயின் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மாறினார். இன்னும் கையொப்பமிடாதிருந்த ரயன் வில்லியம்ஸ் வாக்கைத் திரும்பப் பெற்று, புதியவரின் பேச்சைக் கேட்டு, பிப்ரவரியில் அலபாமாவிலேயே கையொப்பமிட்டார்.

செய்தியில் வருபவை எல்லாம் நட்சத்திர மாணவர்களின் கதைகள். என் கவலை அவர்களைப் பற்றியதல்ல. அவர்களை எடுத்துக்கொள்ளப் பத்து இடங்கள் காத்திருக்கும். தரவரிசையில் கீழே இருக்கும் மாணவருக்குத்தான் பயிற்சியாளர் மாற்றம் உண்மையான இழப்பு. புதியவர் தம் ஆட்டமுறைக்கு ஏற்ற ஆட்களைத் தேடுவார். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து தமக்குத் தெரிந்தவர்களைக் கூட்டி வருவார். கேம்பெல்லும் அயோவா ஸ்டேட்டிலிருந்து குவார்ட்டர்பேக் ராக்கோ பெக்ட் உட்படப் பலரைக் கொண்டுவந்தார். ஹவுஸ் சமரசத்துக்குப் பின் அணியின் அளவு 105 பேர் என்று வரையறுக்கப்பட்டிருப்பதால், வருகிற ஒவ்வொருவரும் இன்னொருவரின் இடத்தில்தான் உட்கார வேண்டும். கையொப்பமிடாத மாணவருக்கு யாரும் “இடமில்லை” என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். தொலைபேசி அழைப்புகள் நின்றுவிடும். குறுஞ்செய்திக்குப் பதில் வர நாளாகும். அந்த மௌனத்தைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு, அன்றே மற்ற கல்லூரிகளுக்கு எழுதத் தொடங்குங்கள் என்பதுதான் நான் மாணவர்களிடம் சொல்வது.

மாறிப் போகும்போது படிப்பில் ஏற்படும் சேதம் பேசப்படுவதே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் முடித்த பாடங்கள் இன்னொன்றில் விருப்பப் பாடமாக மட்டும் கணக்கில் கொள்ளப்படலாம். பொறியியல் அல்லது செவிலியர் படிப்பில் இருப்பவருக்கு இதனால் ஓர் ஆண்டு கூடுதலாகலாம். ஆகவே கல்லூரியைத் தேர்வு செய்யும்போதே, ஃபுட்பால் இல்லாவிட்டாலும் இங்கே இந்தப் பட்டத்தைப் படிப்பாயா என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை வேறு: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது, என் பிள்ளையின் இடத்துக்கு நேரடியாகப் பொறுப்பான துணைப் பயிற்சியாளர் யார், நீங்கள் போனால் இந்த உதவித்தொகை எத்தனை ஆண்டு தொடரும் என்று எழுத்தில் தருவீர்களா? இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம்மவர்கள் தயங்குவார்கள். நல்ல பயிற்சியாளர் கோபித்துக்கொள்வதில்லை. அவருடைய முகவர் இதைவிடக் கடுமையான கேள்விகளைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டிருப்பார்.

எச்-4 அல்லது எஃப்-1 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தனிக் குறிப்பு. உதவித்தொகை வேறு, வருவாய்ப் பகிர்வாகவோ விளம்பரத்துக்காகவோ வரும் பணம் வேறு. இரண்டாவது வகை வேலைவாய்ப்பாகக் கருதப்பட்டு விசாவைப் பாதிக்கக்கூடும் என்பதால், குடியேற்றச் சட்ட வக்கீலிடம் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

பயிற்சியாளர் மாறிய இடத்தைப் பற்றி முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பல்கலைக்கழகச் செலவில் செல்லும் அதிகாரபூர்வப் பார்வையிடல் ஒரு கல்லூரிக்கு ஒரு முறைதான் என்பது விதி. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அதே கல்லூரிக்கு இன்னொரு முறை போகலாம். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். இந்த இரண்டாம் முறை, மைதானத்தையும் உடைமாற்றும் அறையையும் சுற்றிப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல், புதிய பயிற்சியாளரோடு அரை மணி நேரமும், துறையின் கல்வி ஆலோசகரோடு இன்னோர் அரை மணி நேரமும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.