ஃபியூ, எ ஃபியூ: இரண்டுக்கும் ‘சில’ போதுமா?

ஆங்கிலத்தின் ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டையுமே ‘சில’ என்று பெயர்ப்பது நம்மிடம் பரவலான வழக்கம். பொருள் அங்கேதான் தலைகீழாகிறது. ‘ஃபியூ பீப்பிள் நோ திஸ்’ என்பதை ‘இது சிலருக்குத் தெரியும்’ என்று எழுதுவது பிழை. ‘இது பலருக்குத் தெரியாது’ என்பதே அதன் கருத்து. முன்னால் ‘எ’ வந்தால்தான் ‘சிலருக்குத் தெரியும்’.

எண்ணிக்கை மாற வேண்டியதே இல்லை. கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள் என்று வையுங்கள். ‘எ ஃபியூ’ என்பவர் வந்தவர்களைப் பார்க்கிறார். ‘ஃபியூ’ என்பவர் வராதவர்களை நினைக்கிறார். ஆங்கில இலக்கணமும் ஃபியூவை எதிர்மறையாகவே நடத்துகிறது. ‘ஃபியூ கேம்’ என்ற வாக்கியத்தின் வால்கேள்வி (கடைசியில் ஒட்டும் சிறு கேள்வி) ‘டிட் தே?’, ‘எ ஃபியூ கேம்’ என்றால் ‘டிடின்ட் தே?’. தேர்வெழுதும் பிள்ளைகள் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

இந்தக் குறைவுணர்வு சொல்லின் பரம்பரையிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃபேயாவே’. லத்தீன் ‘பௌகுஸ்’ இதற்கு உறவு. பற்றாக்குறையைக் குறிக்கும் ‘பாசிட்டி’ அந்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஏழை எனப் பொருள்படும் ‘புவர்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான்.

தமிழில் இந்த வேலையை ஏகாரம் செய்கிறது. ‘நாலு பேர் வந்தாங்க’ என்றால் எ ஃபியூ. ‘நாலே பேர்தான் வந்தாங்க’ என்றால் ஃபியூ. தொல்காப்பியம் ஏகாரத்துக்குத் தரும் பொருள்களில் பிரிநிலையும், அதாவது ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும், ஒன்று. அது இங்கே அப்படியே பொருந்துகிறது. ஆகவே எ ஃபியூவுக்குச் ‘சில’, ‘சிலர்’. ஃபியூவுக்குச் ‘சிலவே’, ‘சிலரே’, ‘வெகு சிலரே’. வாக்கியம் இடம் கொடுத்தால் ‘பலர் இல்லை’ என்று எதிர்மறையாகத் திருப்பிவிடுவதே எனக்கு இன்னும் இயல்பாகப் படுகிறது.

1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் விமானப்படை வீரர்களைப் புகழ்ந்த சர்ச்சில், இத்தனை பேர் இவ்வளவு கடன்பட்டிருப்பது ‘சோ ஃபியூ’வுக்கு என்றார். அங்கே ‘சிலருக்கு’ என்று போட்டால் பேச்சின் உயிரே போய்விடும்; ‘இவ்வளவு குறைந்த பேருக்கு’ என்றால்தான் நிற்கும்.

எண்ண முடியாதவற்றுக்கு லிட்டில், எ லிட்டில். எ லிட்டில் என்றால் ‘கொஞ்சம் பால் இருக்கு’. லிட்டில் என்றால் ‘பால் அவ்வளவா இல்ல’. ‘குவைட் எ ஃபியூ’ மட்டும் தனி ரகம்: அதில் ஃபியூ இருந்தாலும் பொருள் ‘கணிசமான பேர்’.